சவுக்கு மரத்தைப் பற்றிப் பிள்ளைகள் பேசட்டும்: எங்கள் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள், தலைமையாசிரியர் ஆகியோருக்கு,

இந்தக் கல்வியாண்டு தொடங்கியதும் ஆசிரியர் அறைப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினீர்கள். அதன்படி மேல்நிலை வகுப்புகளுக்கு வாரத்துக்கு ஏழாக இருந்த ஆங்கிலப் பாடவேளை நான்காகிறது. மீதி மூன்றும் நீட் பயிற்சிக்குப் போகின்றன. கவிதையையும் நாடகத்தையும் வகுப்பில் நடத்த வேண்டியதில்லை, பள்ளி அச்சிட்டுத் தரும் வினா விடைக் கையேட்டை மனப்பாடம் செய்ய வைத்தால் போதும். விவாதம், நடிப்பு என்று நேரத்தை வீணாக்கக் கூடாது. ஆங்கில வகுப்பில் தமிழில் பேசவே கூடாது.

நான் இந்தப் பள்ளியில் 26 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி, போன ஆண்டு ஓய்வு பெற்றவள். இந்தச் சுற்றறிக்கை பற்றிப் பேச இரண்டு முறை நேரம் கேட்டேன். இரண்டு முறையும் ‘பார்க்கலாம்’ என்றே பதில் வந்தது. இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்கள் யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. அவர்கள் வாய் திறக்க முடியாத இடத்தில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் நானே எழுதுகிறேன், எல்லோரும் படிக்கும்படியாக.

‘கவிதையைப் பேசிப் பேசி என்ன ஆகப் போகிறது?’ என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டீர்களாம். என்ன ஆனது என்று சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் தோரு தத் எழுதிய ஒரு கவிதை இருக்கிறது. அவர் வீட்டுத் தோட்டத்தில் நின்ற சவுக்கு மரத்தைப் பற்றியது. பெரிய மலைப்பாம்பைப் போல ஒரு கொடி அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு உச்சிவரை ஏறியிருக்கிறது, அடிமரமெல்லாம் ஆழமான வடுக்கள் என்று கவிதை தொடங்கும். நம் ஊர் கடலூர் மாவட்டத்துக் கடற்கரை ஊர். நம் பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் யாராவது ஒருவர் சவுக்கு வெட்டப் போகிறவர், அல்லது லாரியில் ஏற்றிக் கட்டுகிறவர். முதல் நான்கு வரியை நான் வாசித்து முடிப்பதற்குள் கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்தான்.

“மிஸ், இது தப்பு. சவுக்கு இவ்ளோ பெருசா வராது. தொடை அளவு வந்தாலே வெட்டிடுவாங்க.”

2022-23 கல்வியாண்டில் நடந்தது இது. அந்தப் பையன் அதற்கு முன்னால் என் வகுப்பில் தானாக எழுந்து பேசியதே இல்லை. ஆங்கிலம் என்றாலே தலையைக் குனிந்துகொள்பவன். ஒரு கவிதை தப்பு என்று சொல்லும் துணிவு அவனுக்கு எங்கிருந்து வந்தது? சவுக்கைப் பற்றி அவனுக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பழைய பயணியர் விடுதிக்குப் பின்னால் ஒரு சவுக்கு நிற்கிறது, இரண்டு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது என்றாள் ஒரு பெண். அவன் நம்பவில்லை. அன்று சாயங்காலமே நாலு பேர் போய்க் கயிறு போட்டு அளந்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் முடிச்சுப் போட்ட அந்தச் சணல் கயிற்றை என் மேசை மேல் வைத்தான், அந்தப் பையனேதான். விரித்துப் பார்த்தால் மேசையின் நீளத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் தொங்கியது. மரத்தூள் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப வெட்டாம விட்டா இப்படித்தான் வளருமா மிஸ்?” என்றான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் சொன்னாள்: “அவங்க வீட்ல யாருக்கும் அத வெட்ட மனசு வரல.”

அங்கேதான் கவிதை திறந்தது. அதற்குப் பிறகுதான் தோரு தத்தைப் பற்றிச் சொன்னேன். 1856-ல் கல்கத்தாவில் பிறந்தவர். அண்ணன் 1865-ல் இறந்தார், அக்கா 1874-ல். மூன்று பேரும் அந்த மரத்தடியில் விளையாடியவர்கள். கவிதையை எழுதியவரும் 1877-ல், 21 வயதில் போய்விட்டார். இந்தக் கவிதை அச்சேறிய தொகுப்பு 1882-ல் வந்தது. அதை அவர் கண்ணால் பார்க்கவில்லை. உங்களுக்காகத்தான் இந்த மரம் எனக்கு எப்போதும் பிரியமானது என்று, அதன் அடியில் தன்னோடு விளையாடியவர்களிடம் சொல்லும் இடத்துக்கு வந்தபோது வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

அப்புறம் பண்ருட்டிப் பக்கத்தில் இருந்து வரும் ஒரு பெண், தன் தாத்தா நட்ட பலா மரத்தைப் பற்றிப் பேசினாள். 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயலில் அது வேரோடு சாய்ந்தது. அப்போது அவளுக்கு ஆறு வயது. தாத்தா அதுவரை அந்த மரத்தடியில்தான் கட்டில் போட்டுப் படுப்பாராம். விழுந்த பிறகு தோட்டத்தின் அந்தப் பக்கமே அவர் போகவில்லையாம். இதையெல்லாம் தமிழில்தான் சொன்னாள். மறுநாள் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. காலம் மூன்று இடத்தில் தவறியிருந்தது, எழுத்துப் பிழைகளும் இருந்தன. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூடக் கைடில் இருந்து வந்ததல்ல. என் 26 ஆண்டுகளில் நான் பத்திரமாக எடுத்து வைத்திருக்கும் தாள்களில் அதுவும் ஒன்று.

நீங்கள் அச்சிட்ட கையேட்டை வாங்கிப் பார்த்தேன். இந்தக் கவிதைக்கு ஒன்பது வரி விடை இருக்கிறது. கவிஞர் தன் பால்ய நண்பர்களை நினைவுகூர்கிறார் என்று போட்டிருக்கிறது. அவர்கள் இறந்துபோனவர்கள் என்று ஒரு சொல் இல்லை. உடன்பிறந்தவர்கள் என்றும் இல்லை. அதை மனப்பாடம் செய்யும் பிள்ளை எதை நினைத்துக்கொண்டு செய்யும்?

கையேட்டில் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘உலகமே ஒரு நாடக மேடை’ என்று தொடங்கும் ஷேக்ஸ்பியரின் பகுதிக்கு, ‘ஷேக்ஸ்பியர் மனித வாழ்வை ஏழு பருவங்களாகப் பிரித்து, முதுமை வெறுமையானது என்கிறார்’ என்று விடை. ஐயா, அதைச் சொல்வது ஷேக்ஸ்பியர் அல்ல. ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில், எதைப் பார்த்தாலும் கசந்து பேசும் ஜேக்கஸ் என்ற பாத்திரம் இரண்டாம் அங்கத்தின் ஏழாவது காட்சியில் சொல்வது. பல் இல்லை, கண் இல்லை, ருசி இல்லை, எதுவுமே இல்லை என்று அவன் முதுமையைச் சொல்லி வாய் மூடிய அடுத்த நொடி, ஆர்லாண்டோ என்ற இளைஞன் ஆடம் என்ற கிழவரைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வருகிறான். கிட்டத்தட்ட 80 வயது ஆடமுக்கு. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த 500 கிரவுன் பணத்தை அந்த இளைஞனிடம் கொடுத்துவிட்டு, அவனை நம்பிக் காட்டுக்குள் கூடவே வந்தவர். முதுமையில் ஒன்றுமே இல்லை என்று ஒருவன் சொல்லி முடிக்கும்போது, எல்லாவற்றையும் கொடுத்த ஒரு முதியவரை நம் கண் முன்னால் நிறுத்துகிறார் ஷேக்ஸ்பியர்.

இதை விளக்க எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். ஒரு பையன் இன்னொருவனை முதுகில் தூக்கிக்கொண்டு வகுப்புக் கதவு வழியாக நுழைவான், அவ்வளவுதான். பிள்ளைகள் உடனே ஜேக்கஸோடு சண்டைக்குப் போவார்கள். ஒரு வருடம் ஒரு பெண், “ஏழு பருவத்துலயும் பொம்பளையே இல்லையே மிஸ், நாங்கல்லாம் எந்தப் பருவம்?” என்று கேட்டாள். பெண்களுக்கான ஏழு பருவத்தை அவர்களே கரும்பலகையில் எழுதினார்கள். நாலாவது பருவத்துக்கு என்ன எழுதுவது என்பதில் மட்டும் அரை மணி நேரம் தகராறு. இந்த ஐந்து நிமிடமும் அந்த அரை மணி நேரமும்தான் உங்கள் சுற்றறிக்கையில் ‘நேர விரயம்’.

டென்னிசனின் ‘யுலிசிஸ்’ கவிதைக்கும் இதே கதிதான். ‘விடாமுயற்சியை வலியுறுத்துகிறது’ என்று ஒரே வரியில் முடிகிறது. அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் பத்துப் பேராவது இருக்கிறார்கள். வீட்டையும் வயதான மனைவியையும் மகன் கையில் விட்டுவிட்டு மறுபடியும் கடலுக்குக் கிளம்பும் ஒருவரைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். விடாமுயற்சி என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

நாடகத்துக்கு வருகிறேன். பக்கத்து வகுப்புக்குச் சத்தம் கேட்கிறது என்றுதான் நடிப்பை முதலில் நிறுத்தச் சொன்னீர்கள். சத்தம் கேட்டது உண்மை, அதை மறுக்கவில்லை.

பதினொன்றாம் வகுப்புத் துணைப்பாடத்தில் ‘நெவர் நெவர் நெஸ்ட்’ என்று ஒரு சின்ன நாடகம். கணவன், மனைவி, பார்க்க வந்த அத்தை. வீடு, கார், நாற்காலி, ரேடியோ என்று எல்லாமே தவணையில் வாங்கியது. காரில் ஸ்டீயரிங்கும் ஒரு டயரும் இரண்டு சிலிண்டரும் மட்டும்தான் இதுவரை அவர்களுக்குச் சொந்தம். வாரச் சம்பளம் 6 பவுண்டு, கட்ட வேண்டிய தவணையோ 7 பவுண்டுக்கு மேல். குறையும் பணத்துக்கு இன்னொரு கடன். டெஸ்க்குகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடித்தார்கள். ஒரு நாற்காலியின் கால் மட்டும் தங்களுடையது என்று காட்டும் இடத்தில் வகுப்பே வெடித்துச் சிரித்தது. அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த அமைதி உங்களுக்குக் கேட்டிருக்காது. கணவனாக நடித்த பையன், கையில் நோட்டோடு நின்றபடியே, “எங்க வீட்லயும் இதேதான் மிஸ். ஒரு குழுக் கடன அடைக்க இன்னொரு குழுவுல வாங்குறாங்க. செவ்வாக்கெழம வந்தா அம்மா பேச மாட்டாங்க” என்றான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பிறகு வரவு ஒரு பக்கம், தவணை ஒரு பக்கம் என்று அந்தக் குடும்பத்தின் கணக்கைக் கரும்பலகையில் போட்டோம். தவணை, வட்டி, முன்பணம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை அன்று கற்றவர்கள் ஒருவர்கூட மறக்கவில்லை. சொல் பட்டியல் கொடுத்து நான் கற்பித்தவற்றில் எத்தனை அப்படி நின்றிருக்கின்றன என்று கேட்டால் எனக்குச் சொல்ல வாய் வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே பதினொன்றாம் வகுப்பில் ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தின் ஒரு பகுதி இருக்கிறது. படையெல்லாம் கலைந்து போன மன்னன் தரையில் உட்கார்ந்து, செத்துப்போன ராஜாக்களின் கதையைச் சொல்லுவோம் வாருங்கள் என்கிறான். அவன் தலையைச் சுற்றியிருக்கும் கிரீடத்தின் வெற்றுக் குழிக்குள் சாவு தர்பார் நடத்துகிறது. பழைய ஆங்கிலம், பிள்ளைகளுக்குக் கடினம். ஒரு பையனுடைய மாமா தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர். அவன் சொன்னான்: “கிரீடம் வெளிய பார்த்தா கண்ணாடியும் ஜிகினாவுமா மின்னும் மிஸ். உள்ள வெறும் கட்டைதான். மாமா துணியச் சுத்தி வச்சாத்தான் தலையில நிக்கும்.” அதன் பிறகு நான் எதையும் விளக்க வேண்டி இருக்கவில்லை. படுகளத்தில் மண்ணில் கிடக்கும் துரியோதனனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஒரு ராஜா தரையில் உட்கார்ந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பையன் ரிச்சர்டின் வசனத்தைக் கூத்துக் குரலில் எடுத்துப் படித்தான். உச்சரிப்பு ஒன்றும் சுத்தமாக இல்லை. ஆனால் மூச்சு சரியான இடங்களில் நின்றது. அர்த்தம் புரியாதவனால் அப்படி நிறுத்திப் படிக்க முடியாது.

இப்போது தமிழில் பேசக் கூடாது என்ற விதியைப் பாருங்கள். சவுக்கு தப்பு என்று சொன்ன பையனும், பலா மரத்தைப் பற்றிப் பேசிய பெண்ணும், கிரீடத்தின் உட்பக்கத்தைப் பார்த்தவனும் தமிழில்தான் பேசினார்கள். அந்த விதி அன்று இருந்திருந்தால் மூன்று பேரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள். யோசிப்பது தமிழில் நடக்கட்டும், எழுதுவது ஆங்கிலத்தில் வரும். வருவதை நான் பார்த்திருக்கிறேன். பேச விடாமல் செய்தால் ஆங்கிலம் பேச வந்துவிடாது. வகுப்பு அமைதியாக இருக்கும், அவ்வளவுதான்.

தேர்ச்சி விகிதம் என்பீர்கள். அந்தக் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்காக நானே தாள் தாளாகக் குறைந்தபட்சக் குறிப்புகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு அது தேவை. வீட்டில் முதல் ஆளாகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளை தோற்றுவிடக் கூடாது என்ற பயம் எனக்கும் இருந்தது. என் வகுப்பில் கவிதை பேசியவர்கள் எல்லோரும் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள் என்று பொய் சொல்லவும் மாட்டேன். நல்ல விடையை எழுதிவிட்டுக் குறைவாக வாங்கியவர்களும் உண்டு. ஆனால் ஜூன் மாதமே கையேட்டைக் கையில் கொடுத்து, ஒன்பது மாதமும் அதையே பாடமாக்குவது வேறு விஷயம்.

விடைத்தாள் திருத்தும் முகாம்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவள் நான். கைடை அப்படியே எழுதும் தாள்கள் கட்டுக் கட்டாக வரும். முதல் வரி ஒன்று, முடிவு வரி ஒன்று, நடுவில் இருக்கும் பிழைகூட ஒன்றே. ஒரு வரி மறந்தால் அதோடு நின்றுவிடும், அடுத்த வரியைத் தானாக எழுதப் பிள்ளைக்குத் தெரியாது. பேனா நின்ற இடத்தில் ஒரு புள்ளி பெரிதாக ஊறியிருக்கும். இருந்த நேரமெல்லாம் அந்தப் பிள்ளை அங்கேயே பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் கவிதை வரியைக் கொடுத்து அதன் பொருளைக் கேட்கிறார்கள். கவிதையைப் படித்த பிள்ளை தன் சொந்தச் சொல்லில் எதையாவது எழுதும். கையேட்டை மட்டும் படித்த பிள்ளைக்குக் கேள்வி கொஞ்சம் மாறினாலும் ஒன்றும் இல்லை.

மூன்று பாடவேளை நீட்டுக்குப் போகிறது என்றீர்கள். அந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். வணிகவியல் பிரிவும் தொழிற்கல்விப் பிரிவும் அந்த நேரத்தில் என்ன செய்கின்றன என்று ஒரு நாள் வந்து பாருங்கள். போன மாதம் ஒரு சான்றிதழ் வாங்க வந்தபோது நான் பார்த்தேன். நூலக வேளை என்ற பெயரில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நூலகம் பூட்டியிருந்தது.

நான் கேட்பவை இவைதான். முதலில் அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். நீட் எழுதும் பிள்ளைகளுக்கான பயிற்சியைப் பள்ளி நேரத்துக்கு முன்போ பின்போ வையுங்கள். மற்றப் பிள்ளைகளின் ஆங்கில வேளையை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். ஏழையும் உடனே தர முடியாது என்றால், வாரத்தில் இரண்டு வேளையையாவது கவிதைக்கும் நாடகத்துக்கும் என்று கால அட்டவணையில் எழுதிப் போடுங்கள். வாய்மொழி அனுமதி வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். அந்த வகுப்புகளில் பிள்ளைகள் தமிழில் பேசலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கையேட்டை அரையாண்டுத் தேர்வு முடியும்வரை கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் தவறுகளைத் திருத்தாமல் அதற்குப் பிறகும் கொடுக்காதீர்கள். நான் 14 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். கேட்டால் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து திருத்தித் தருகிறேன். நாடகம் நடிக்க, பருவத்துக்கு ஒரு முறை, மதியத்துக்கு மேல் கூட்ட அரங்கைத் திறந்து விடுங்கள். அங்கே சத்தம் போட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நூலகச் சாவியை ஆங்கில ஆசிரியர்களில் ஒருவரிடம் கொடுங்கள்.

கடைசியாக, இதையெல்லாம் முடிவு செய்வதற்கு முன் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பத்துப் பேரை அழைத்து, ஆசிரியர் யாரும் இல்லாத அறையில், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குள் இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். நேரில் அழைத்தாலும் வருகிறேன். அந்தச் சணல் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியில் 26 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்திய முதுகலை ஆசிரியை